கார்க் கதவில் கீறல்: காப்பீட்டில் கேட்பதா, கையிலிருந்து கொடுப்பதா?

வேளச்சேரியில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அடுக்குமாடியின் அடித்தளத்தில் காரைத் திருப்பும்போது இடதுபக்கப் பின்கதவும் அதை ஒட்டிய பின்பக்கத் தகடும் தூணில் உரசிவிட்டன. 1,197 சிசி பெட்ரோல் கார். வாங்கி மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆகிறது, இதுவரை ஒரு கிளெய்ம் கூட இல்லை. பாலிசியைப் புதுப்பிக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் ரூ.14,000 எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். "கிளெய்ம் போட்டுவிடலாம் சார், உங்களுக்கு ஆயிரம் ரூபாய் ஃபைல் சார்ஜ்தான் ஆகும்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். போடலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, போடாதீர்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். நாளைக்கு வேறொரு சேதம் வரும்போது நீங்களே கணக்குப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மோட்டார் கிளெய்ம் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். "ஆயிரம் ரூபாய்தான்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது தொகையைப் பார்த்துத் திகைத்து வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆயிரம் ரூபாய் ஃபைல் சார்ஜ் அல்ல. ஒவ்வொரு கிளெய்மிலும் வாகன உரிமையாளர் கட்டாயமாகத் தன் பங்காக ஏற்க வேண்டிய தொகை அது. 1,500 சிசி வரையுள்ள தனியார் கார்களுக்கு ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000. அது மட்டுமே உங்கள் செலவு என்று சொல்வதில்தான் தவறு. பில்லிலிருந்து இன்னும் சில கழிவுகள் உண்டு. அவற்றைவிடப் பெரிய செலவு எந்தப் பில்லிலும் வராது. அதுதான் நோ கிளெய்ம் போனஸ்.

அந்தப் போனஸிலிருந்தே தொடங்குகிறேன். ஓர் ஆண்டு முழுக்க கிளெய்ம் கேட்காமல் இருந்தால், புதுப்பிக்கும்போது சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்காகக் கட்டும் தொகையில், 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். தொடர்ந்து இரண்டு ஆண்டு என்றால் 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50 சதவீதம். அதற்கு மேல் உயராது. இந்தத் தள்ளுபடி சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான். உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகையில் ஒரு பைசா குறையாது, ஏனென்றால் அது அரசு நிர்ணயிக்கும் தொகை. உங்களுடையது போன்ற 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு 2022 ஜூனில் அது ரூ.3,416 என நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே பாலிசியின் மொத்தத் தொகையைப் பார்த்துப் போனஸைக் கணக்கிடாதீர்கள். 'ஓன் டேமேஜ்' என்று போட்டிருக்கும் வரியில், போனஸைக் கழிப்பதற்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். கீழே வரும் கணக்கு முழுவதும் அந்த ஓர் எண்ணை வைத்துத்தான்.

நிறையப் பேர் எடுத்த எடுப்பிலேயே சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு தள்ளுபடி போகும், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஏணியின் உச்சிக்குப் பக்கத்தில் நிற்பவர் தரைக்கு வந்துவிடுகிறார். அங்கிருந்து மறுபடி ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். உங்கள் கணக்கையே பார்ப்போம். இப்போது உங்களிடம் இருப்பது 35 சதவீதம். கிளெய்ம் போடாவிட்டால் வரும் புதுப்பிப்பில் 45, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50. கிளெய்ம் போட்டால் வரும் புதுப்பிப்பில் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45, அதற்குப் பிறகுதான் மறுபடி 50. ஆண்டுக்கு ஆண்டு உள்ள வித்தியாசம் 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 சதவீதம். அதாவது ஒரு முழு ஆண்டின் சொந்தச் சேதப் பிரீமியத்தையும் தாண்டி அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து இழக்கிறீர்கள்.

உங்கள் அடிப்படைச் சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.8,000 என்று வைத்துக்கொள்வோம். 120 சதவீதம் என்றால் ரூ.9,600. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் ரூ.11,328. கார் பழசாக ஆக அதன் காப்பீட்டு மதிப்பு குறைந்து பிரீமியமும் சற்று இறங்கும் என்பதால் உண்மை இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறையலாம். முடிவெடுப்பதற்கு இந்தத் துல்லியம் போதும்.

மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எல்லாப் படிக்கும் போட்டு வைத்திருக்கிறேன். நடப்பு ஆண்டையும் சேர்த்துத் தொடர்ந்து ஒரே ஓர் ஆண்டுதான் கிளெய்ம் இல்லாமல் இருந்தவர் என்றால் அவருடைய மொத்த இழப்பு அடிப்படைப் பிரீமியத்தில் 50 சதவீதம். இரண்டு ஆண்டு என்றால் 80. மூன்று என்றால் 105. நான்கு என்றால், உங்களைப் போல, 120. ஐந்தும் அதற்கு மேலும் 125. எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி. அதனால்தான் அதே பதினான்காயிரம் ரூபாய்ச் சேதத்துக்குப் புதுக் கார்க்காரர் கிளெய்ம் போடுவது சரியாகவும், ஐந்தாண்டு போனஸ் சேர்த்தவர் போடுவது நஷ்டமாகவும் இருக்கிறது. எவ்வளவுக்கு மேல் கேட்கலாம் என்று எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தொகையைச் சொல்ல முடியாது. யாராவது "ஐயாயிரத்துக்கு மேல் என்றால் போடு" என்று சொன்னால், உங்கள் பாலிசியைப் பார்க்காமல் சொல்கிறார் என்று பொருள்.

இனி நிறுவனத்திடமிருந்து கைக்கு வருவது எவ்வளவு என்று பார்ப்போம். ரூ.14,000 எஸ்டிமேட்டில் டிங்கரிங் கூலி ரூ.5,000, இரண்டு பேனலுக்குப் பெயின்ட் ரூ.9,000 என்று எழுதியிருக்கிறீர்கள். டிங்கரிங் கூலியில் தேய்மானக் கழிவு, அதாவது பொருள் பழசானதற்காகக் குறைக்கும் தொகை, கிடையாது. பெயின்ட்டில் உண்டு. பெயின்ட் வேலையைக் கூலி, பொருள் என்று பிரிக்காமல் ஒட்டுமொத்தமாகப் பில் போட்டிருந்தால் அதில் 25 சதவீதத்தைப் பொருளின் விலையாக எடுத்துக்கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள். 9,000-இல் கால் பங்கு 2,250, அதில் பாதி 1,125. கட்டாயப் பங்கு 1,000. இரண்டையும் கழித்தால் நிறுவனம் தருவது ரூ.11,875. நீங்கள் இழக்கும் போனஸ் ரூ.11,328. ஆக, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்காகக் காத்திருந்து, படிவம் நிரப்பி, நான்கு நாள் காரை விட்டுவிட்டு வந்து, கடைசியில் கையில் மிஞ்சுவது ரூ.547.

அந்த 547 ரூபாயும் உண்மையில் இல்லை. உங்கள் வீட்டுப் பக்கத்து டிங்கரிங் பட்டறையில் இதே வேலையை ஏழாயிரத்துக்குச் செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையிலிருந்து கொடுத்தால் 7,000. கிளெய்ம் போட்டால் கழிவுகளுக்காக இப்போது 2,125, வரும் ஆண்டுகளில் 11,328, மொத்தம் 13,453. ஒப்பிட வேண்டியது இந்த இரண்டு எண்களைத்தான். சர்வீஸ் சென்டரில் காட்டிய எஸ்டிமேட்டை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதே பலரும் செய்யும் பிழை. கையிலிருந்து கொடுத்தால் எவ்வளவு என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் காப்பீட்டுக்கு ஒரு தொகையும் ரொக்கத்துக்கு அதைவிடக் குறைந்த ஒரு தொகையும் சொல்வார்கள்.

உங்கள் சேதத்தில் பம்பர் இல்லை, அது நல்லதாகப் போயிற்று. சின்னச் சேதம் என்று வருவதில் பாதி பம்பர்தான் என்பதால் அதைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக், ரப்பர், நைலான், டயர், பேட்டரி இவற்றை மாற்றினால், கார் புதிதாக இருந்தாலும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புத் தகடு போன்ற பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்தது: முதல் ஆறு மாதம் எதுவும் இல்லை, ஓராண்டு வரை 5 சதவீதம், பிறகு 10, 15, 25, 35 என்று ஏறி, ஐந்து முதல் பத்து ஆண்டு வரை 40, பத்தைத் தாண்டினால் 50. கிளிப், ஸ்க்ரூ, கிரீஸ் போன்ற சில்லறைச் சாமான்களுக்கும் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழியப் பணம் வராது.

2019-இல் என் மைத்துனர் காரின் முன் பம்பர் உடைந்தது. நான் ஊரில் இல்லாத நேரம். பட்டறையில் சொன்னதைக் கேட்டு கிளெய்ம் போட்டுவிட்டார். பில் ரூ.6,800. பம்பர் 4,200, பெயின்ட் 2,000, கூலி 600. பம்பரில் பாதி, 2,100 போயிற்று. பெயின்ட்டில் 250. கட்டாயப் பங்கு 1,000. கைக்கு வந்தது ரூ.3,450. அவர் 50 சதவீதப் போனஸில் இருந்தவர், அடிப்படைப் பிரீமியம் ரூ.7,000. அடுத்த புதுப்பிப்பில் மட்டும் கூடுதலாகக் கட்டியது ஜிஎஸ்டியோடு ரூ.4,130. முதல் ஆண்டிலேயே வாங்கியதைவிட அதிகம் கொடுத்துவிட்டார், ஏணியில் மறுபடி ஏறிய நான்கு ஆண்டுகளின் இழப்பு அதற்கு மேல். அந்த மனிதர் ஒரு ஆசிரியர், எதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கணக்கு வைப்பவர். அவருக்கே இது தெரியவில்லை என்றால், குற்றம் அவருடையதல்ல. ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது.

தேய்மானமில்லாக் காப்பீடு, அதாவது 'ஜீரோ டெப்' எடுத்திருந்தால் இந்தத் தேய்மானக் கழிவுகள் பெரும்பாலும் விழாது, கட்டாயப் பங்கும் சில்லறைச் சாமான்களும்தான் போகும். பம்பர், ஹெட்லைட் போன்றவற்றில் அது பெரிய வித்தியாசம். ஆனால் ஜீரோ டெப் இருப்பதால் போனஸ் தப்பாது. இரண்டும் வேறு வேறு. போனஸைக் காப்பாற்றும் கூடுதல் காப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு, அதை எடுத்திருந்தால் அந்த ஆண்டில் எத்தனை கிளெய்ம் வரை போனஸ் நிற்கும் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். ஜீரோ டெப்பிலும் ஆண்டுக்கு இரண்டு கிளெய்ம் என்பது போன்ற வரம்பைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. பாலிசி ஆண்டின் முதல் மாதத்திலேயே கதவுக் கீறலுக்கு ஒன்றைச் செலவழித்துவிட்டால், மழைக்காலத்தில் பெரிதாக ஏதேனும் நடக்கும்போது கைவசம் ஒன்றுதான் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. நடப்புப் பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் வாங்கியிருந்தால் போனஸ் போனது போனதுதான். இரண்டாவதாக ஒன்று போட்டால் அதனால் கூடுதலாகப் போக எதுவும் இல்லை. அப்போது கழிவு போக வரும் தொகை உங்கள் அலைச்சலுக்கு ஈடாக இருந்தால் தயங்காமல் கேளுங்கள். அந்த உரிமைக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சேதம் மேலோட்டமானது என்று உறுதியான பிறகுதான் பொருந்தும். அதை எப்படி உறுதிசெய்வது? முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கிச் சென்றால் கீறல் மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சோடு நின்றுவிட்டது, பாலிஷ் போட்டாலே போய்விடும். தூணின் சுண்ணாம்போ மஞ்சள் பெயின்ட்டோ ஒட்டிக்கொண்டு பெரிய காயம் போலத் தெரிவதும் உண்டு, அதுவும் பாலிஷில் போகும். நகம் தட்டினால் நிறப்பூச்சு வரை இறங்கியிருக்கிறது. அடியில் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பிரைமர் என்ற அடிப்பூச்சு, வெள்ளிபோல் மின்னினால் தகடே வெளியில் வந்துவிட்டது. தகடு தெரிகிறது என்றால், கிளெய்ம் போட்டாலும் போடாவிட்டாலும், தள்ளிப்போடாதீர்கள். சென்னையின் உப்புக் காற்றில் திறந்து கிடக்கும் இரும்பு வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு பெயின்ட்டுக்கு அடியில் படர்ந்த பிறகு செலவு இரட்டிப்பாகும். உடனே பட்டறைக்குப் போக முடியாவிட்டால் காரின் நிறத்துக்கான டச்-அப் பெயின்ட் வாங்கி அந்த இடத்தை மூடியாவது வையுங்கள்.

பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சத்தம் மாறியிருக்கிறதா? கண்ணாடி முன்போல ஏறி இறங்குகிறதா? கதவுக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்கிறதா? வலதுபக்கத்து இடைவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோணலாக இருந்தால் அடி உள்ளே இறங்கியிருக்கிறது. பம்பரில் அடி என்றால் இன்னும் கவனம் தேவை. பிளாஸ்டிக் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்துவிடும், வெளியே ஒரு கோடுதான் தெரியும், உள்ளே ரேடியேட்டரின் தாங்கியோ சென்சாரோ உடைந்திருக்கும். காரை இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து இரண்டும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்றும் பாருங்கள். இப்போது வரும் கார்களில் எல்இடி ஹெட்லைட், கேமரா, ரேடார் எல்லாம் இருப்பதால் ஒரு பக்கத்தை மாற்றினாலே பல ஆயிரம் தாண்டிவிடும். உள்சேதம் என்று சந்தேகம் வந்தால் பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகு முடிவெடுங்கள். கிளெய்ம் போடும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால் நிறுவனத்துக்குத் தகவல் சொல்வதற்கு முன்னால் எதையும் பழுதுபார்க்கத் தொடங்காதீர்கள். சர்வேயர் பார்க்காத சேதத்துக்குப் பணம் வாங்குவது பெரும் போராட்டம். சொன்ன பிறகு வேண்டாம் என்று தோன்றினால் கிளெய்மைத் திரும்பப் பெறலாம். பணம் எதுவும் வழங்கப்படாமல் மூடப்பட்டது என்று எழுத்தில் வாங்கி, புதுப்பிக்கும் நாள் வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கண்ணாடியில் கல் தெறித்து விரிசல் விட்டிருந்தால்? கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை என்பதால் கேட்கலாம் என்று தோன்றும். ஆனால் அதுவும் சொந்தச் சேதக் கிளெய்ம்தான், அதே போனஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சின்னப் புள்ளியாக இருக்கும்போதே பசை நிரப்பிச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள், அதற்குக் கொஞ்சம் பணம்தான் ஆகும். வெயிலில் நின்று ஏசியைப் போட்ட ஒரு நாளில் அந்தப் புள்ளி முழுக் கண்ணாடிக்கும் கோடாக ஓடிவிடும்.

உங்கள் பகுதி வேளச்சேரி என்பதால் இதையும் சொல்கிறேன். தண்ணீர் புகுந்த காரைச் சின்னச் சேதம் என்று நினைத்து இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த கிளெய்ம்களில் மனத்தை மிகவும் வருத்தியவை, தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியவர்களுடையவை. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்குப் பாலிசியில் பணம் உண்டு. நாம் சாவியைத் திருப்பியதால் வந்த இன்ஜின் சேதத்தை, தனியாக இன்ஜின் காப்பு எடுக்காதவர்களுக்கு, பின்விளைவுச் சேதம் என்று மறுத்துவிடுவார்கள். 2024 அக்டோபரில் உங்கள் பகுதிக்காரர்கள் மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய்க் கார்களை நிறுத்தியதைப் பத்திரிகைகளில் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அனுபவத்தில் கற்றுக்கொண்ட மக்கள் அவர்கள்.

தூணுக்குப் பதிலாக இன்னொரு வண்டி உரசியிருந்தால் விஷயம் வேறு. தவறு எதிராளியுடையது என்றாலும், அவருடைய மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து உங்கள் கதவுக்குப் பணம் வாங்க வேண்டுமென்றால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிந்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்கு யாரும் போவதில்லை. நடைமுறையில் சொந்தப் பாலிசியில்தான் கேட்கிறார்கள், அடுத்தவர் செய்த தவறுக்குத் தங்கள் போனஸை இழக்கிறார்கள். அந்த இடத்திலேயே எதிராளி நியாயமான தொகையைத் தர முன்வந்தால் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இரு வண்டிகளின் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, எந்தச் சேதத்துக்காக எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

தவறு உங்களுடையது என்றால் அப்படிச் சுலபமாக முடித்துக்கொள்ள முடியாது. நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் நீங்களாகத் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருகிறேன் என்று வாக்களிப்பதோ கூடாது என்பது வழக்கமான மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. நாலு பேர் கூடி நிற்கும் தெருவில் நடக்கும் சின்ன உரசலில் இதை யாரும் பார்ப்பதில்லை, இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு மனிதருக்குச் சிராய்ப்பு ஏற்பட்டிருந்தாலும் அப்படிச் செய்யாதீர்கள். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு விதிக்கும் கடமை அது. "ஒன்றும் இல்லை சார், போங்க" என்று எழுந்து நடந்தவருக்கு மறுநாள் தலைவலி வந்து ஸ்கேன் எடுத்த வழக்குகளை நான் கையாண்டிருக்கிறேன். இங்கே போனஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூன்றாம் நபருக்கு நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டால் உங்கள் போனஸ் குறையாது. அது சொந்தச் சேதக் கிளெய்மோடு மட்டுமே தொடர்புடையது.

இரண்டு குறுக்குவழிகளை யாராவது உங்களுக்குச் சொல்லித்தருவார்கள், முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன். ஒன்று, ஆண்டு முழுவதும் விழுந்த கீறல்களைச் சேர்த்துவைத்து, புதுப்பிக்கும் முன் ஒரே விபத்து என்று சொல்லி முழு உடலுக்கும் பெயின்ட் அடித்துக்கொள்வது. சர்வேயர் கீறலுக்குள் குனிந்து பார்ப்பார். உள்ளே பழுப்பாகத் துரு இருந்தால் பழசு. முன் பம்பரில் இடமிருந்து வலமும் பின்கதவில் மேலிருந்து கீழும் கோடு போனால் ஒரே அடியில் விழுந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் தனிச் சம்பவமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கட்டாயப் பங்கைக் கழிப்பார், அல்லது பொய்த் தகவல் என்று மொத்தமாக மறுப்பார். இரண்டாவது குறுக்குவழி இன்னும் ஆபத்தானது. ஒரு நிறுவனத்தில் கிளெய்ம் வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்கு மாறி, போனஸ் இருப்பதாகச் சொல்லிவிடுவது. ஆன்லைனில் ஒரு பெட்டியைத் தொட்டால் 45 சதவீதம் குறைந்துவிடும், அன்று ஒன்றும் நடக்காது. பிறகு கார் முழுசாக நொறுங்கி நிற்கும் நாளில், பழைய நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்துவிட்டு, பொய் அறிவிப்பு என்று சொல்லிச் சொந்தச் சேதப் பணம் முழுவதையும் மறுத்துவிடுவார்கள். மூவாயிரம் ரூபாய்த் தள்ளுபடிக்காக ஆறு லட்சத்தை இழந்த குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து அதை விளக்கியிருக்கிறேன். அந்த வேலையில் எனக்குப் பிடிக்காத நாள்களில் அது ஒன்று.

போனஸ் காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்றுவிட்டுப் புதுசு வாங்கினாலும் நிறுவனத்திடம் கடிதம் வாங்கிப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். புதுக் காரின் பிரீமியம் அதிகம் என்பதால் அங்கே அந்த 50 சதவீதம் பெரிய தொகை. ஓரிரு ஆண்டில் கார் மாற்றப் போகிறவர்கள் சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடும்முன் இதை மறக்கக் கூடாது, அவர்கள் இழப்பைப் புதுக் காரின் பிரீமியத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் கிளெய்ம் எதுவும் போடாமலேயே போனஸ் போய்விடும். ஊருக்குப் போனேன், மறந்துவிட்டேன் என்று வந்தவர்களுக்கு எங்களால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

ஆகவே, தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தில் கதவின் நடுவில் விரற்கடை நீளத்துக்குத் தகடு வெளியில் தெரிகிறது. இந்த வாரத்திலேயே அந்தப் பட்டறையில் விடுங்கள். வண்டியை விடும்முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பட்டி என்ற நிரப்புப் பசையை எவ்வளவு கனத்துக்குப் போடுவார்கள், நசுங்கலைத் தட்டி எடுத்துவிட்டுப் போடுவார்களா அல்லது பள்ளத்தைப் பட்டியால் நிரப்பிவிடுவார்களா, பெயின்ட்டை உங்கள் காரின் நிற எண்ணைப் பார்த்துக் கலப்பார்களா. தட்டி எடுக்காமல் பட்டியால் நிரப்புபவர் என்றால் ஆயிரம் ரூபாய் அதிகம் கேட்டாலும் வேறு ஆளிடம் போங்கள். காரைத் திரும்ப எடுக்கும்போது பட்டறையின் குழல்விளக்கில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் வெளியே நிறுத்தி, பின்கதவையும் முன்கதவையும் பத்தடி தள்ளி நின்று ஒன்றாகப் பாருங்கள், நிற வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

நான்கு மாதம் கழித்துப் புதுப்பிப்பு அறிவிப்பு வரும்போது போனஸ் வரியில் 45 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது விருப்பப்பட்டால், சின்னச் சேதங்களுக்கு இனி எப்படியும் கேட்கப் போவதில்லை என்ற முடிவோடு, கட்டாயப் பங்குக்கு மேல் இன்னொரு ரூ.2,500-ஐ நீங்களே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுக்கலாம். பழைய கட்டண விதிப்படி அதற்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ.750 தள்ளுபடி உண்டு. உங்கள் நிறுவனம் எவ்வளவு தருகிறது என்று கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.